இடது மூக்கும் இரண்டு டப்பாக்களும்

மூக்கடைப்பு என்று சொல்லிப் பாருங்கள், யாரும் உங்களை நோயாளியாக மதிக்க மாட்டார்கள். நெஞ்சுவலி என்றால் ஓடி வருவார்கள். காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். மூக்கடைப்பு என்றால் ஆவி பிடிக்கச் சொல்லிவிட்டு அவரவர் சோலியைப் பார்க்கப் போய்விடுவார்கள். அதுவும் எங்கள் போளூரில், பனியும் சாரலும் விட்டுவிட்டு அடிக்கிற கொடைக்கானல் மேல்மலையில், மூக்கடைக்காத ஆளைத்தான் அதிசயமாகப் பார்ப்பார்கள். என் இடது மூக்குக்குள் ஒன்று வளர்ந்துகொண்டிருந்தது என்பதை நானே வெகுநாள் நம்பவில்லை.

நான் பழனி அடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருந்தவரின் மகள். இப்போது என் தம்பி அந்தக் கடையைப் பார்க்கிறான். விபூதி, சந்தனம், ஜவ்வாது, பக்கத்துக் கடையின் பஞ்சாமிர்தம் என்று வாசனைக்குள்ளேயே வளர்ந்தவள். கண்ணைக் கட்டி விட்டாலும் எந்தக் கடை வாசலில் நிற்கிறேன் என்று சொல்லிவிடுவேன். போளூர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக வேலைக்கு வந்து, அங்கேயே முருகேசனைக் கல்யாணம் செய்துகொண்டேன். அவர் மலைப்பூண்டு போடுகிறவர். அறுவடை முடிந்ததும் பூண்டைத் தாளோடு கட்டுக்கட்டாக வீட்டுக்குள்ளேயே உத்திரத்தில் தொங்கவிட்டு, அடியில் அடுப்புப் புகை காட்டுவார்கள். புகை ஏறினால்தான் அது கெடாமல் மாசக்கணக்கில் நிற்கும். வந்த புதிதில் என் புடவையில், தலைமுடியில், நான் திருத்திய கணக்கு நோட்டில்கூடப் பூண்டு நாற்றம்.

ஒருநாள் அந்த நாற்றம் இல்லை. எப்போது போனது என்றும் தெரியவில்லை. மதினியிடம் சொன்னேன். மதினி என்பது என் கணவரின் அக்கா. புருஷனைப் பறிகொடுத்த நாளிலிருந்து எங்களோடு இருக்கிறார். வீடு, மாடு, உத்திரத்துப் பூண்டு மூன்றும் அவர் கையில்தான்.

"பூண்டு வாசமே தெரிய மாட்டேங்குது மதினி."

"இப்பத்தான் தாயி நீ பூண்டுக்காரி ஆயிருக்க. எனக்கெல்லாம் அது தெரிஞ்சு எத்தனை வருசமாச்சு."

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். எங்கள் ஊரில் யாருக்கும் பூண்டு வாசனை தெரியாது. தெரியாமல் போனால் ஊர்க்காரி ஆகிவிட்டாய் என்று அர்த்தம். மற்ற ஊரில் ஒருத்திக்கு மோப்பம் போனால் டாக்டரிடம் கூட்டிப்போவார்கள், எங்கள் ஊரில் பாராட்டினார்கள். பால் அடிப்பிடித்துக் கருகுவதும் எனக்குத் தெரியவில்லை, மாட்டுக் கொட்டகையும் தெரியவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

தைலம் தடவினேன், மஞ்சளைச் சுட்டு முகர்ந்தேன், ஆவி பிடித்துப் பிடித்து முகமெல்லாம் வெந்துபோனது. வலது பக்கம் திறந்தது. இடது பக்கம் சாத்திய கதவு சாத்தியபடியே இருந்தது. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது ஒருநாள் மேலுதட்டில் ஏதோ ஊர்ந்தது. துடைத்தால் ரத்தம். பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்று பலகையைப் பார்த்தபடியே வெகுநேரம் நின்றிருந்தேன்.

கொடைக்கானல் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். "இடது பக்கம் ஒரு சதை வளர்ந்து கெடக்கு டீச்சர். வலது பக்கம் சுத்தமா இருக்கு. அதுதான் எனக்குப் பிடிக்கலை" என்றார். ஒரு பக்கம் சுத்தமாக இருப்பதில் பிடிக்காமல் போக என்ன இருக்கிறது என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

அதற்கு அர்த்தம் பிறகு தெரிந்தது. உங்களுக்கு நான் இப்போதே சொல்லிவிடுகிறேன். மூக்குக்குள் பூசினாற்போல ஒரு ஈரச் சவ்வு இருக்கிறது. ஒவ்வாமையாலோ தீராத சளியாலோ அது வீங்கி, தோல் உரித்த திராட்சை மாதிரித் தொங்க ஆரம்பித்தால் அதற்குப் பாலிப் என்று பேர். அது பெரும்பாலும் இரண்டு பக்கமும் வரும், மருந்துக்குச் சுருங்கும், தொல்லை உண்டு, ஆனால் ஆளைக் கொல்லாது. ஒரே ஒரு பக்கம் மட்டும் வளர்ந்தால், ரத்தமும் கசிந்தால், அது வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். கண்ணால் பார்த்து எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது. வெட்டியெடுத்த சதையை லேப்பில் சீவி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் அது இன்னது என்று தெரியும். அந்தச் சோதனைக்குத்தான் பயாப்ஸி என்கிறார்கள்.

திண்டுக்கல்லில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் எடுத்தார்கள். மதினிதான் துணைக்கு வந்திருந்தார். மயக்கம் தெளிந்து நான் படுத்திருந்தபோது, நர்ஸ் கை அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொண்டுவந்தார். தண்ணீர் மாதிரி ஒரு மருந்தில் வெளிறிய சதைத் துண்டுகள் மிதந்தன. மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, மேலே என் பேரை எழுதியிருந்தார்கள். "அடுத்த தெரு லேப்ல குடுத்துட்டு வாங்கம்மா, வெரசாக் குடுத்துருங்க" என்று மதினி கையில் கொடுத்தார். நம் ஊர்ப்பக்கம் இதுதான் வழக்கம். வெட்டுவது டாக்டர், சுமப்பது சொந்தக்காரர்கள்.

மதினி டப்பாவைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்ததும் "ஆச்சு தாயி" என்றார். நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஊர் திரும்பும்போது பெருமாள்மலையில் பஸ் நின்றது. கீழேயிருந்து வரும் பாதையும் பழனிப் பாதையும் கொடைக்கானல் பாதையும் சேருகிற இடம் அது. எல்லோரும் டீ குடிக்க இறங்கினார்கள். மதினியும் இறங்கினார். டிரைவர் ஹாரன் அடித்து அலுத்த பிறகுதான் ஓடி வந்தார். கையெல்லாம் மண். "வழுக்கிருச்சு" என்றார். மூக்கில் பஞ்சோடு உட்கார்ந்திருந்தவளுக்கு அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை.

கொஞ்ச நாள் கழித்து முருகேசனிடம் ரிப்போர்ட் என்னவாயிற்று என்று கேட்டேன். அவர் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். "போன்ல சொல்லிட்டாக. சாதாரணச் சதைதானாம்" என்றார். பிறகு மழை, மண்சரிவு, பரீட்சை என்று நர்சிங் ஹோமுக்கு மறுபடி போகவே இல்லை. மூச்சு வந்தது. ஒரு காலையில் மிளகாய் வறுபடும் நெடி மூக்கில் ஏறி நான் தும்மியபோது, அடுப்படியில் நின்று அழுதேன். பூண்டு நாற்றம்கூட வந்துவிட்டது. அந்த வருஷம்தான் நான் சந்தோஷமாக இருந்த கடைசி வருஷம் என்று இப்போது நினைக்கிறேன்.

மறுபடியும் அடைத்தது. அதே பக்கம். இந்தத் தடவை இடது கண்ணில் ஓயாமல் நீர் வடிந்தது. கன்னம் மரத்தது. கண்ணாடியில் பார்த்தால் இடது கண் ஒரு நூல் வெளியே தள்ளியிருப்பதுபோல் இருந்தது. முருகேசனிடம் காட்டினேன். "ஒண்ணும் தெரியலையே" என்றார். அவர் முகம் மட்டும் பேயறைந்ததுபோல ஆனது. அது எதற்கென்று அப்போது எனக்குப் புரியவில்லை.

மதுரையில் பெரிய ஆஸ்பத்திரி. உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போகிற காத்திருப்பு. முதலில் மூக்குக்குள் கசப்பாக ஒரு மருந்தை அடித்தார்கள். தொண்டை மரத்து, எச்சில் விழுங்குவதே மறந்துபோனது. பிறகு நுனியில் விளக்கும் கேமராவும் வைத்த மெல்லிய குழாயை உள்ளே விட்டார்கள். டிவியில் என் மூக்கின் உட்புறம் தெரிந்தது. திராட்சை மாதிரி இல்லை. சொரசொரவென்று, சிவந்து, முண்டும் முடிச்சுமாக இருந்தது. என் உடம்புக்குள் எனக்குச் சம்பந்தமில்லாத ஒன்று குடியிருப்பதை நேரில் பார்த்தேன். அதற்குப் பிறகு கண்ணை மூடினால் அதுதான் தெரிந்தது.

ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் வைத்து விளக்கினார். நிதானமானவர், சுற்றி வளைக்காதவர்.

"இது சாதா பாலிப் மாதிரி இல்லை டீச்சர். இன்வர்ட்டட் பாப்பிலோமான்னு ஒரு வகை இருக்கு. சாதாரணக் கட்டி வெளிப்பக்கமா வளரும். இது தான் முளைச்ச தோலுக்கு அடியில உள்பக்கமாவே மடிஞ்சு மடிஞ்சு வளரும். எலும்பை அரிச்சு இடம் பிடிக்கும். கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவுல காகிதம் மாதிரி ஒரு எலும்பு உண்டு. உங்களுக்கு அது ஒரு இடத்துல இல்லை."

"புத்துநோயா டாக்டர்?"

"இது புற்று இல்லை. ஆனா வேரோட எடுக்கலைன்னா திரும்பத் திரும்ப வரும். சில பேருக்கு உள்ளுக்குள்ளேயே புற்றா மாறிடும். மாறிட்டு இருக்கான்னுதான் பார்க்கணும். போன தடவை எடுத்தப்ப பயாப்ஸி பண்ணிருப்பாங்களே. அந்த ரிப்போர்ட்டைக் குடுங்க, அதை வச்சுத்தான் எவ்வளவு தூரம் வெட்டணும்னு முடிவு பண்ணுவேன்."

"நார்மல்னு வந்துச்சு. வீட்ல இருக்கும்" என்று சொல்லிவிட்டு முருகேசனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வராண்டாவில் மருந்துக்கடை வரிசைக்குப் பக்கத்தில் வைத்துச் சொன்னார். "குடுக்கவே இல்ல செல்வி. லேப்புக்குப் போகவே இல்ல."

அவர்கள் அப்பா, என் மாமனார், வாயில் புண் வந்து செத்தவர். ஆஸ்பத்திரியில் ஒரு துண்டை வெட்டிச் சோதனைக்கு எடுத்தார்கள். நன்றாக நடமாடிக்கொண்டிருந்த மனிதர் அதற்குப் பிறகுதான் படுத்தார் என்பது அந்த வீட்டின் நம்பிக்கை. துண்டு எடுத்ததால்தான் பரவியது, சோதனைதான் ஆளைக் கொன்றது. நோய் முன்பே முற்றியிருந்தது என்று யார் சொன்னாலும் அவர்கள் காதில் ஏறாது. அதோடு இன்னொன்று. உடம்பிலிருந்து விழுந்தது எதையும் அடுத்தவர் கையில் கொடுக்கக் கூடாது. விழுந்த பல்லாகட்டும், பிள்ளையின் நஞ்சுக்கொடியாகட்டும், மண்ணுக்குத்தான் சொந்தம். நல்லதென்றால் வீட்டுப் பக்கம் புதைப்பார்கள். கண்ணேறு என்றால் முச்சந்தி. எந்தப் பாதையில் வந்தது என்று தெரியாமல் அது மூன்று பாதைக்கும் நடுவில் திகைத்து நின்றுவிடுமாம்.

"அக்கா பெருமாள்மலையில வச்சுப் புதைச்சுட்டா. ஊருக்கு வந்துதான் எங்கிட்டச் சொன்னா. எனக்கும் உள்ளுக்குள்ள அப்பாடான்னு இருந்துச்சு. முடிவு வந்தா என்னத்தைச் சொல்லுவாகளோன்னு ஒரே பயம். பொய்யைச் சொல்லிட்டேன்."

நான் கத்தவில்லை. கத்தியிருந்தால் மூக்கிலிருந்து ரத்தம் வந்திருக்கும். அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து ஊருக்குப் போட்டேன். மதினி எடுத்தார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்போல, வாளி உருளுகிற சத்தம் கேட்டது.

"மதினி, அது என்ன சதைன்னு டாக்டர் கேக்குறாங்க. லேப்புல சொல்ல ஆள் இல்ல. உங்க முச்சந்திச் சாமிகிட்டயே கேட்டுச் சொல்லுங்க."

பேச இடம் கொடுக்காமல் போனை வைத்துவிட்டேன். இன்றைக்குவரை அப்படிக் கேட்டதற்கு நான் வருத்தப்படவில்லை. என் கண், என் உயிர், என் மூக்கு. நான் செத்தால் சாவது நான். அவர்கள் இரண்டு பேருமாகச் சேர்ந்து எனக்குப் பதிலாகப் பயந்து, எனக்குப் பதிலாக முடிவும் எடுத்திருக்கிறார்கள்.

அன்றிரவு வார்டில் படுத்திருந்தவள் கடவுளிடம்கூட எதையும் கேட்கவில்லை. கேட்க என்ன இருந்தது என்றே தெரியவில்லை. மாறிவிட்டதா இல்லையா, மாறியிருந்தால் எப்போதிலிருந்து. அந்த ஒரு கேள்விக்குப் பதில் ஒரு டப்பாவில் இருந்தது. டப்பா மண்ணில் இருந்தது.

மறுநாள் வெள்ளனே மதினி வார்டு வாசலில் நின்றார். வாட்ச்மேனோடு சண்டை போட்டு உள்ளே வந்திருந்தார். புடவைக் கரையெல்லாம் செம்மண். வலது கை விரல்களில் துணி சுற்றியிருந்தது. மாட்டைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு, களைக்கொத்தோடு கிடைத்த பஸ்ஸில் ஏறிப் பெருமாள்மலையில் இறங்கியிருக்கிறார். மேலே யாரோ கல் அடுக்கிக் கேரட் கடை போட்டிருந்தார்களாம். கடைக்காரனிடம் கெஞ்சிக் கல்லைப் பெயர்த்து, கடைசியில் கையாலேயே தோண்டியிருக்கிறார்.

பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் கட்டிலில் வைத்தார். இற்றுப்போன மஞ்சள் துணி, அதற்குள் கறுத்த மிளகாய், உப்புக் கறை. அவிழ்த்தால் அந்த டப்பா. பேர் அழிந்திருந்தது, பாதி எழுத்து மட்டும் தெரிந்தது. டேப் அப்படியே இருந்தது.

"சாமிகிட்டக் கேக்கச் சொன்ன. அதுக்கு வாய் இல்ல தாயி. அதான் எடுத்தே வந்துட்டேன்" என்றார்.

டாக்டரம்மா கையுறை போட்டு டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். விளிம்புவரை மருந்து அப்படியே நின்றது. "எப்பவாவது திறந்தீங்களாம்மா?"

"எப்படித் திறப்பேன் சாமி. திறந்தா உள்ள கெடக்குறது வெளிய வந்துருமே. வந்துறக் கூடாதுன்னுதான் துணியைச் சுத்தி இறுக்கிக் கட்டுனேன்."

டாக்டரம்மா டப்பாவை மேசையில் வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "இது பார்மலின். மூடி திறக்காம இருந்தா சதை அழுகாது. ரொம்ப நாளானதால சில சோதனை செய்ய முடியாது. ஆனா செல்லோட உருவம் தெரியும். இப்ப எடுக்கப் போறதையும் இதையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்கச் சொல்றேன்."

எந்த நம்பிக்கை அதைப் புதைத்ததோ அதே நம்பிக்கைதான் அதைக் கெடாமலும் வைத்திருந்தது. எனக்குச் சிரிப்பும் வரவில்லை, மன்னிப்பும் வரவில்லை. மதினியின் கைக்கு ஊசி போடும்படி நர்ஸிடம் சொன்னேன்.

ஆபரேஷனுக்கு முன் கையெழுத்துக் கேட்டார்கள். கண்ணுக்குப் பக்கத்தில் எலும்பைத் தேய்த்தெடுக்க வேண்டும், பார்வைக்கு ஆபத்து நேரலாம், சம்மதமா என்று. சம்மதமில்லை என்று எழுத அதில் இடமில்லை. போட்டேன். பழனியிலிருந்து தம்பி வந்திருந்தான். மலைக்கோயில் உண்டியலில் காணிக்கை போட, கடையிலிருந்து வெள்ளித்தகட்டு உரு கொண்டுவந்து காட்டினான். கண்மலர் உண்டு, கை கால் உண்டு, மூக்கு மட்டும் தனியாக யாரும் செய்வதில்லையாம். அதனால் முழு முகத்தையும் எடுத்து வந்திருந்தான்.

"ஏலே, முகத்துக்கு வேண்டிக்கிட்டா மூக்குக்குச் சேருமாடா?" என்று கேட்டேன்.

"கண்ணும் சேத்துத்தானக்கா கெடக்கு இதுல" என்றான்.

மயக்கம் தெளிந்தபோது முதலில் இடது கண்ணைத் திறந்தேன். மின்விசிறி தெரிந்தது. அது போதும் என்றிருந்தது. மூக்கு நிறைய பஞ்சு அடைத்திருந்தார்கள். அதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, நான் சொல்கிறேன். வாயால்தான் மூச்சு. நாக்கு காய்ந்து அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எச்சில் விழுங்கினால் காது அடைக்கும். தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது வாய் தானாக மூடிவிடும், உடனே மூச்சுத் திணறி விழித்துக்கொள்வீர்கள். யாரோ தண்ணீருக்குள் பிடித்து அமுக்குகிற மாதிரி இருக்கும். செத்துவிடலாம் என்று நினைத்தேன், மறைக்கவில்லை. முருகேசன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஈரப் பஞ்சால் என் உதட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் அவரோடு பேசுவதில்லை என்றிருந்தேன், பேசவும் முடியாது. அவர் துடைப்பதை நிறுத்தினால் மட்டும் விரலால் தட்டுவேன். அவ்வளவுதான் எங்களுக்குள் அப்போது இருந்த பேச்சு.

இப்போது எடுத்த சதை இன்னொரு டப்பாவில் வந்தது. மதினி எழுந்து நின்றார்.

"ரெண்டையும் நானே கொண்டுபோறேன்."

முருகேசன் என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் பயம். நான் மதினியின் கட்டுப்போட்ட கையைப் பார்த்தேன். கொடுக்கச் சொல்லித் தலையசைத்தேன். பால் நிறைந்த சொம்பைத் தூக்குவதுபோல இரண்டு டப்பாவையும் மார்போடு அணைத்துக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது ரசீது முந்தானை முடிச்சில் இருந்தது.

அன்றிலிருந்து அவர் லேப் வாசல் பெஞ்சைவிட்டு நகரவில்லை. ஒரு வாரமாகும், போய்ட்டு வாங்கம்மா என்று அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். "இருக்கட்டும், நான் பாட்டுக்கு இருக்கேன்" என்றிருக்கிறார். சாப்பாட்டு நேரத்துக்கு எனக்குக் கஞ்சி ஊட்ட வருவார். ஊட்டும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று விசாரித்து வந்ததைச் சொல்வார்.

"சதையை மெழுகுல பதிச்சு வைக்கிறாக தாயி. அப்புறமா பூண்டுத் தோலவிட மெலிசாச் சீவுறாக. கண்ணாடிச் சில்லுல ஒட்டி, செகப்பும் ஊதாவுமா சாயம் போடுறாக. அப்பத்தான் உள்ள இருக்குறது கண்ணுக்குத் தெரியுமாம். நம்ம அய்யாவுக்கும் இதைத்தான் செஞ்சிருப்பாகளோ?"

"இதைத்தான் மதினி."

"அப்ப இதுல சாகறதுக்கு என்ன இருக்கு" என்றார். கஞ்சிக் கரண்டி கையிலேயே நின்றது.

பஞ்சை உருவிய நாளில் எனக்கு உயிரே மூக்கு வழியாகப் போனது. அதற்கப்புறம் ஒரு மதியம், ரிப்போர்ட் வந்துவிட்டது என்று டாக்டரம்மா கூப்பிட்டு அனுப்பினார். மதினியை வாசல் பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு நானும் முருகேசனும் உள்ளே போனோம்.

"நீங்க டீச்சர், அதனால இப்படிச் சொல்றேன்" என்று ஆரம்பித்தார். "செல்லெல்லாம் பிரேயர்ல நிக்கிற பிள்ளைங்க மாதிரி. வரிசையா, ஒரே உயரத்துல நிக்கணும். போன வருஷச் சதையில, மண்ணுல இருந்து வந்ததுல, வரிசை ஒழுங்கா இருக்கு. பாப்பிலோமாதான். மாற்றம் எதுவும் இல்லை. இப்ப எடுத்ததுல ஒரு ஓரத்துல வரிசை கலைஞ்சிருக்கு. சில செல் பெருசா, கருத்துப்போய், முண்டியடிச்சு நிக்குது. புற்றுன்னு சொல்ல முடியாது. அதுக்கு முந்தின படி. நாங்க முடிஞ்ச மட்டும் சுத்தமா எடுத்துட்டோம். ஆனா கண்ணுக்குப் பக்கத்து ஓரத்தைப் பத்தி என்னால சத்தியம் பண்ண முடியாது."

"போன வருஷமே இந்த ரிப்போர்ட் வந்திருந்தா?"

"அப்பவே வேரோட எடுத்திருப்போம்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் என்னை மட்டும்தான் பார்த்தார்.

ஆக, மாறியது இடைப்பட்ட அந்த வருஷத்தில்தான். டப்பா மண்ணுக்குள் இருந்தபோது, நான் மிளகாய் நெடிக்குத் தும்மிச் சந்தோஷப்பட்டபோது. முருகேசன் துண்டை வாயில் வைத்து அடைத்துக்கொண்டார். எனக்கு அழுகை வரவில்லை. எழுந்து கதவைத் திறந்தேன்.

மதினி பெஞ்சிலிருந்து எழுந்து நின்றார். என் முகத்தைப் பார்த்தார், பிறகு எனக்குப் பின்னால் தன் தம்பி முருகேசன் வருகிறாரா என்று பார்த்தார். அவர் இன்னும் உள்ளேதான் இருந்தார்.

"என்ன சொன்னாக தாயி? ரெண்டும் ஒண்ணுதானா? அன்னைக்கு இருந்ததுதானா இன்னைக்கும்?"

அவர் என்ன கேட்கிறார் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. தோண்டிய விரல்களில் ஒரு நகம் கழன்று, கட்டுத் துணி வழியாக மருந்து மஞ்சளாகக் கசிந்திருந்தது. உண்மையைச் சொல்ல எனக்கு எல்லா நியாயமும் இருந்தது. நாக்கு நுனிவரை வந்தது.

"ரெண்டும் ஒண்ணுதான் மதினி. அன்னைக்கே குடுத்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பாங்க."

மதினி பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அன்றைக்குத்தான் கேண்டீனில் ஒரு வாய் சோறு சாப்பிட்டார்.

இப்போது ஊரில் இருக்கிறேன். பள்ளிக்கூடம் போகிறேன். சில மாதத்துக்கு ஒருமுறை மதுரையில் குழாய் விட்டுப் பார்க்கிறார்கள். நாளை மறுநாள் மறுபடி போக வேண்டும். இரண்டு நாளாக இடது பக்கம் லேசாக அடைக்கிறது. பனியாகவும் இருக்கலாம். பனியாக இல்லாமலும் இருக்கலாம். முருகேசனிடம் இன்னும் சொல்லவில்லை. பிரேயரில் பிள்ளைகள் வரிசை கலைந்து நின்றால் என்னால் பார்க்க முடிவதில்லை, வேறு டீச்சரைச் சரிசெய்யச் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறேன். மதினி பயணத்துக்குத் துணிப்பையை இப்போதே எடுத்து வைத்துவிட்டார். சதை எடுத்தால் டப்பாவைத் தான்தான் கொண்டுபோவேன் என்கிறார். உத்திரத்தில் புதுப் பூண்டு தொங்குகிறது. எனக்கு வாசனை தெரியவில்லை. தெரிகிறது என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

உங்களுக்கு மூக்கில் ஒரு பக்கம் மட்டும் அடைத்தால் ஆவி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். எடுத்த சதையை அன்றைக்கே லேப்பில் கொடுங்கள், ரசீதைக் கையில் வாங்குங்கள். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். மதினிக்கு எழுத்துத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் எழுத முடிந்தது. போளூர்க்காரர்கள் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால், வாய்விட்டுப் படிக்க வேண்டாம்.